சிராஜ் பாய் ஜும்மாவுக்குப் போயிருந்த ஒரு மணி நேரம்

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில், யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூங்கொத்துக்கும் யாரோ கேட்டிருந்த அரை நாள் விடுப்புக்கும் நடுவில், பாய்க்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் கவிதா எழுதியிருந்தாள்: "சிராஜ் பாய் காலைல தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக். அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." படித்துவிட்டு, பழக்கதோஷத்தில் தில்லைநகர் பேருந்தில் ஏறி அலுவலகத்துக்கே போனேன். மாடி ஏறி, மின்விசிறியைப் போட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து எதிர் மேசையைப் பார்த்த பிறகுதான் நான் போயிருக்க வேண்டிய இடம் பாய் வீடு இருக்கும் பாலக்கரை என்பது உறைத்தது. மறுபடி படியிறங்கினேன்.

அவர் வீட்டுச் சந்தில் ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னை உள்ளே அனுப்பினார்கள். பாயின் மனைவி ஒரு மூலையில் சுவரோடு சாய்ந்திருந்தார். பாயின் அக்கா ஹமீதா, கட்டுப் போட்ட வலது காலை நீட்டி ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த வீட்டு அம்மா ஒருவர் நான் யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு பெருமூச்சு விட்டார். "தங்கமான மனுஷம்மா. யாருக்கும் ஒரு கெடுதல் நெனச்சதில்ல. இந்தத் தெருவுக்குத்தான், கையில இருந்ததைச் செய்யாம விட்டுட்டாரு" என்றார். ஹமீதாக்கா தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அது தவறு என்பதும் தெரியும். அந்த அம்மாவிடம் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சாவு வீட்டில் பேச்சை வளர்க்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறு வாரம் இந்த இதழை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, நம் மாத இதழில் பாயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார். அறக்கட்டளையின் மருத்துவ வண்டி நிற்கும் இடங்களுக்கும், நிற்காத இடங்களுக்கும் இந்த இதழ் போகிறது. பாலக்கரைக்கும் போகிறது. ஆகவே அந்த அம்மாவிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எல்லாருக்குமாகச் சொல்கிறேன். பாய் மேல் அவர் தெரு வைத்திருக்கும் குறை பாயைச் சேர்ந்தது அல்ல. அது யாரைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது. ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் அதை மட்டும் சொன்னால் விளங்காது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருபது வருடங்களாக மற்றவர்களிடம் கேள்வி கேட்டுப் பிழைப்பவள். எந்த ஊறுகாய் பிடிக்கும், பள்ளிக்கூட வேன் நேரத்துக்கு வருகிறதா, வங்கியில் சிரித்த முகத்தோடு பேசினார்களா. முதலில் காகிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அலைந்தேன். இப்போது எல்லாம் போனில் ஒரு லிங்க். கால்வலி போய்க் கண்வலி வந்திருக்கிறது, அவ்வளவுதான் முன்னேற்றம். ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, இரண்டாம் மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறோம். கேள்விகளுக்கு நான் பொறுப்பு. அவற்றைக் கணினியில் ஏற்றி, ஜனங்களின் போனுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும்படி செய்வது பாயின் வேலை.

குவைத்தில் பதினெட்டு வருடங்கள் இருந்துவிட்டு ஊர் திரும்பிய அவர் எங்களிடம் வேலை கேட்டு வந்த நாள் நினைவிருக்கிறது. எங்கள் வலைத்தளத்தைப் பார்த்தீர்களா என்று ஒப்புக்குக் கேட்டேன். எல்லாரும் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்பார்கள். பாய், பார்த்தது மட்டுமில்லாமல் கருத்துச் சொல்பவராகத் தன் பெயரையும் பதிந்துவிட்டு வந்திருந்தார். "ஒரு சந்தேகம் மேடம். உங்ககிட்ட பதிஞ்சவங்கள்ல எத்தனை பேரு அரியலூர்?" என்று கேட்டார். எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறையப் பாதிப் பேர் அரியலூர். அரியலூர் மாவட்ட மக்கள் கருத்துச் சொல்வதில் ஆர்வம் மிக்கவர்கள் என்று நான் நாலு இடத்தில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். மாவட்டப் பட்டியல் அகர வரிசையில் இருந்தது. அரியலூர்தான் முதலில். வந்தவர்கள் மேலே இருந்ததைத் தொட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். நான் முகம் சிவக்க உட்கார்ந்திருந்தேன். "அவங்க பொய் சொல்லல மேடம். அவசரத்துல இருக்காங்க. கைக்குப் பக்கத்துல அரியலூர் இருக்கு, அவ்ளோதான்" என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வந்த முதல் வாரத்திலேயே விடைகளைக் கலைத்துப் போட ஆரம்பித்தார். ஒரு கேள்விக்கு நான்கு விடைகள் இருந்தால், எனக்கு ஒரு வரிசையிலும் உங்களுக்கு வேறு வரிசையிலும் வரும். சீட்டுக் கட்டைக் கலைப்பது மாதிரி. மேலே இருக்கிறது என்பதற்காகவே ஒரு விடைக்குச் சில வாக்குகள் சும்மா விழும் அல்லவா? கலைத்துப் போட்டால் அந்தச் சும்மா வாக்குகள் எல்லா விடைகளுக்கும் சமமாகப் பிரிந்துவிடும். இதற்கென்று மென்பொருளில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் ஒரு டிக் போட்டால் போதும். அந்தக் கட்டம் எங்களுக்கும் தெரியும். செய்ய அலுப்புப்பட்டுக் கிடந்தோம்.

டிக் போட்டதோடு அவர் விடமாட்டார். எந்தக் கருத்துக் கணிப்பானாலும் வெளியே போகுமுன் கீழே பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்கு இறங்கிப் போவார். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் போனை நீட்டி, நாலு கேள்விதான், தொட்டுக் குடுங்க என்பார். வலியில் இருப்பவர்களை ஏன் படுத்துகிறீர்கள் என்று கோபித்துக்கொண்டேன். "பல்வலிக்காரங்க படிக்க மாட்டாங்க மேடம், சும்மா தொடுவாங்க. அவங்க விரல் எங்க போகுதுன்னு பாத்தா நம்ம தப்பு தெரிஞ்சிடும்" என்றார். பல் மருத்துவர் இரண்டு முறை மேலே ஆள் அனுப்பிப் புகார் சொன்னார். பிறகு பாய்க்கே கடைவாய்ப் பல் வலித்து அங்கே போய் உட்கார்ந்தபோது, வரவேற்பில் இருந்த பெண் ஒரு போனை அவரிடம் நீட்டி, நாலு கேள்விதான் என்றாளாம். அதைச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார், வீங்கிய கன்னத்தோடு.

தப்பே செய்யாதவர் என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. ஆரம்பத்தில் ஒருமுறை உற்சாகத்தில் எல்லா விடைகளையும் கலைத்துவிட்டார். 'மேற்கண்ட எதுவும் இல்லை' என்பதும் சேர்ந்து கலைந்துபோய், சிலருக்கு முதல் வரியில் வந்து நின்றுவிட்டது. எங்கள் ஸ்ரீரங்கத்திலிருந்தே ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு அழைத்தார். "ஏன்மா, முதல் வரியிலயே மேற்கண்ட எதுவும் இல்லைன்னு போட்டிருக்கேளே, அதுக்கு மேலே உங்க கம்பெனி பேர் ஒண்ணுதானே இருக்கு? கம்பெனியே இல்லைங்கறேளா?" என்று நிதானமாகக் கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு பாயிடம் போனைக் கொடுத்தேன். பாய் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு அந்த ஒரு விடை மட்டும் அவர் செய்த எந்தக் கணிப்பிலும் கடைசி வரியை விட்டு அசையவில்லை.

இந்த வரிசை விஷயத்தில் அவருக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டேன். குவைத்தில் அவர் ஒரு டைப்பிங் சென்டரில் இருந்தார். தொழிலாளிகளின் அனுமதிப் படிவங்களைக் கணினியில் நிரப்பிக் கொடுக்கும் கடை. ஒரு நாள் பெரும் கூட்டம். பெரம்பலூர்ப் பக்கத்து ஆள் ஒருவரின் படிவத்தில் நாடு என்ற இடத்தில் இந்தியா என்று தேர்ந்தெடுக்க மறந்துவிட்டார். பட்டியலில் முதலில் இருந்த ஆப்கானிஸ்தான் அப்படியே போய்விட்டது. அதைத் திருத்த அந்த மனிதர் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். திருத்தி முடிப்பதற்குள் ஊரில் அவருடைய அப்பா இறந்துபோனார். அவரால் வர முடியவில்லை. "அந்த ஆளு என்னைத் திட்டியிருந்தா மறந்திருப்பேன் மேடம். வேலை நெருக்கடியில நடக்கறதுதானே பாய்னு சொல்லிட்டுப் போயிட்டாரு" என்றார் சிராஜ் பாய். டீக் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு இடத்துக்குப் போய்விட்டார்.

இனி மருத்துவ வண்டி.

சில வருடங்களுக்கு முன்பு இந்த அறக்கட்டளை ஒரு மருத்துவ வண்டியை வாங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, மாத்திரை கொடுப்பது. இவ்வளவும் இலவசம். வாரத்தில் இரண்டு இடங்களில்தான் நிற்க முடியும். எங்கே நிற்கலாம் என்று நன்கொடையாளர்களையும், முன்பு முகாம்களுக்கு வந்துபோனவர்களையும் கேட்டுச் சொல்லும் வேலை எங்களுக்கு வந்தது. தேவை அதிகமுள்ள இரண்டு இடங்களைத் தொடுங்கள் என்று ஒரே கேள்வி. அரியமங்கலம், எடமலைப்பட்டி புதூர், பாலக்கரை, ஸ்ரீரங்கம் என்று நான்கு விடைகள். பாய் வழக்கம்போலக் கலைத்துப் போட்டார். புதன்கிழமை அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை மதியம் பாய் ஜும்மா தொழுகைக்குப் பாலக்கரைக்குப் போயிருந்தார். செயலாளர் அழைத்தார். சாப்பிட உட்கார்ந்தபோது தன் போனையும் மனைவியின் போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். "எங்க வீட்லயே ரெண்டு போன்ல ரெண்டு மாதிரி வருதுங்க மேடம். என்னுதுல பாலக்கரை மேல இருக்கு, அவங்களுதுல ஸ்ரீரங்கம். டோனருங்க யாராவது பாத்தா ஏதோ தில்லுமுல்லுன்னு நெனைக்க மாட்டாங்களா? உங்க லெட்டர்ல இருந்த வரிசையிலயே எல்லாருக்கும் வர மாதிரி பண்ணிடுங்க" என்றார். நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டார். வைத்துவிட்டு மறுபடி அழைத்தார். மறுபடி விளக்கினேன். மூன்றாம் முறை அழைத்தபோது எனக்குத் தலைவலி. அன்று காலையிலிருந்து வேறு இரண்டு வேலைகள் இழுத்துக்கொண்டிருந்தன. பாய் வரட்டும் என்று சொல்லி ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. அவர் மேசையில் உட்கார்ந்து, அந்தச் சின்னக் கட்டத்தைத் திறந்து, டிக்கை எடுத்தேன். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன். தலைவலி குறைந்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

பாய் திரும்பி வந்ததும் சொல்ல நினைத்தேன். அவர் வந்தபோது வேறு யாரோ அழைத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை அவரே என் மேசைக்கு வந்து நின்றார். எந்தப் பதில் எத்தனை மணிக்கு வந்தது என்பது எங்களிடம் பதிவாகும். "நேத்து ஒண்ணே காலுக்கு ஜனங்க மனசு மாறியிருக்கு மேடம்" என்றார். புதன், வியாழன் இரண்டு நாளும் பாலக்கரையும் அரியமங்கலமும் முன்னால் இருந்தன. வெள்ளி மதியத்துக்குப் பிறகு அரியமங்கலமும் எடமலைப்பட்டி புதூரும். அதாவது பட்டியலில் முதல் இரண்டு. இரண்டைத் தொடு என்றால் மேலே இருக்கும் இரண்டைத் தொட்டுவிட்டுப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நான்தான் எடுத்தேன் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வெள்ளி மதியத்துக்கு மேல் வந்த பதில்களை ஒதுக்கிவிட்டு இன்னும் ஒரு வாரம் கேட்டால் சரியாகிவிடும் என்றார். சரி, நீங்களே செயலாளரிடம் பேசிவிடுங்களேன் என்றேன். எனக்கு இன்னொரு முறை விளக்கத் தெம்பில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் பேசக் கூடாது மேடம். நீங்க சொன்னா அது கணக்கு. நான் சொன்னா அது பாலக்கரை."

அப்போதுதான் எனக்கு ஹமீதாக்காவின் ஞாபகம் வந்தது. சர்க்கரையால் காலில் ஆறாத புண். வாரம் ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும். அந்த வண்டி பாலக்கரையில் நின்றால் அவர் நடந்தே போய்விடுவார். அதனால்தான் பாய் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான்.

ஞாயிறு கழித்துத் திங்கள்கிழமை செயலாளரை அழைத்தேன். நான் ஆரம்பிக்குமுன் அவரே, "ரொம்ப நன்றி மேடம், இப்பத்தான் ஒழுங்கா வருது" என்றார். அறக்கட்டளைக் குழுக் கூட்டத்தில் அதுவரை வந்த முடிவைத் திரையில் போட்டுக் காட்டிவிட்டார்கள், வண்டிக்கு நாளும் இடமும் முடிவாகிவிட்டது, அரியமங்கலமும் புதூரும் என்றார். நான் சந்தோஷம் சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் விளக்கி ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மறுநாள் படித்துத் திருத்தி அனுப்பலாம் என்று வைத்தேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. யாரும் என்னை மிரட்டவில்லை, தடுக்கவில்லை. அலுப்பாக இருந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வண்டியின் தொடக்க விழாவில் மேடையிலிருந்து பாயின் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்தார்கள். கேள்வித்தாளைத் தயாரித்தவர் பாலக்கரையைச் சேர்ந்த சிராஜுதீன் என்று. பாராட்டத்தான் சொன்னார்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். அன்றிலிருந்து அவர் தெருவில் பேச்சு மாறிவிட்டது. நம்ம ஆள் உள்ளே இருந்தும் வண்டி நம்ம பக்கம் வரவில்லையே என்றார்கள். மேலிடத்துக்கு நல்ல பிள்ளையாக இருக்கத் தன் தெருவை விட்டுக்கொடுத்துவிட்டார் என்றும் சிலர் சொன்னார்கள். இதையெல்லாம் என்னிடம் சொன்னது பாய் இல்லை, கவிதா. பாய் சொன்னது ஒன்றே ஒன்று, அதையும் சிரித்துக்கொண்டு சொன்னார். நோன்புக் கஞ்சி வாங்கப் போனால் அவருக்கு மட்டும் வாளியின் அடியிலிருந்து ஊற்றுகிறார்களாம். "அடியிலதான் கறி இருக்கும், அது அவங்களுக்குத் தெரியல மேடம்."

வியாழக்கிழமை தோறும் அரை நாள் விடுப்பு எடுத்து, அக்காவை ஆட்டோவில், அன்று வண்டி நிற்கும் அரியமங்கலத்துக்கு அழைத்துப் போனார். விடுப்புச் சீட்டு என் மேசைக்கு வரும். காரணம் என்ற இடத்தில் 'அக்கா' என்று எழுதியிருப்பார். நான் கையெழுத்துப் போடுவேன். எத்தனை வியாழன் என்று நான் எண்ணவில்லை. ஒரு மழைக்காலத்தில் பாய்க்குக் காய்ச்சல் வந்து சில வாரம் போக முடியாமல் போனது. புண் புரையோடி ஹமீதாக்காவின் கால்விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். வண்டி பாலக்கரையில் நின்றிருந்தால் அந்த விரல் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை நான் சௌகரியமாக வைத்துக்கொண்டேன்.

புதூர்க்காரர்கள் இதைப் படித்து வருத்தப்பட வேண்டாம். அரியமங்கலத்தில் பட்டறைத் தொழிலாளிகள் கைக்காயத்தோடு வரிசையில் நிற்பதையும், புதூரில் வண்டி வரும் நாளில் நிற்கும் கூட்டத்தையும் பாயே பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார். தேவையில்லாத ஒருத்தரும் அங்கே நிற்கவில்லை என்றார். அவர் கேட்டதெல்லாம், கேள்வியை ஒழுங்காகக் கேட்டோமா என்பதுதான். வருடத்துக்கு ஒருமுறை, அறக்கட்டளைக்கான அறிக்கையைத் தயாரிக்கும்போது, குரலைத் தாழ்த்தி "சொல்லிட்டீங்களா மேடம்?" என்பார். சொல்றேன் பாய் என்பேன். மூன்று வருடங்கள் கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆகவே, பாலக்கரையில் இருப்பவர்களுக்கு: வண்டி உங்கள் பக்கம் வராமல் போனது சிராஜ் பாயால் இல்லை. அவர் கலைத்துப் போட்டுக் கேட்டவரை வாக்குகளில் பாலக்கரை முன்னால் இருந்தது. அவர் தொழுகைக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில் அதை மாற்றியவள் நான். மாற்றியதை இத்தனை வருடங்கள் மறைத்தவளும் நான். உங்கள் பேச்சை அவர் வாங்கிக்கொண்டது என் பெயர் வெளியே வராமல் இருக்கத்தான்.

எழுதி முடித்துச் செயலாளரிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "மாத்தச் சொன்னது நான்தானே மேடம். அதை எடுத்துடாதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்றார். அந்தக் கேள்வியை இந்த வருடம் மறுபடி கேட்பதாகவும் ஒப்புக்கொண்டார். டிக்கை நானே போடுகிறேன். எந்த இரண்டு இடங்கள் வந்தாலும் சரி.

போன வியாழக்கிழமை இந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு பாலக்கரைக்குப் போனேன். அச்சில் வருமுன் ஹமீதாக்காவுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். பாயின் மனைவி, கணவனை இழந்தவர்கள் வீட்டுக்குள் இருக்கும் இத்தாவில், உள்ளறையில் இருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று அந்த அறை வாசலின் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்தேன். விரல் விஷயம் வந்தபோது படிப்பதை நிறுத்திவிட்டேன். ஹமீதாக்கா ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

படித்து முடித்ததும், "இது எங்களுக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றார்.

பிறகு ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தெருவுல பேசுனப்போ எனக்குப் பொறுக்கல. நானே வாசல்ல நின்னு சொல்லிடறேன்டான்னு தம்பிகிட்டச் சொன்னேன். வேணாம்க்கா, மேடம் சொல்லுவாங்க, அவங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்னுட்டான். எப்பச் சொல்லுவாங்கன்னு கேட்டேன். சொல்லுவாங்க, கொஞ்சம் நாளாகும், வேலையில ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்கன்னான்." கட்டுப் போட்ட காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு, "நான் அதுக்கப்புறம் அவனைக் கேக்கல" என்றார்.

திரைக்கு அந்தப் பக்கம் பாயின் மனைவி அழும் சத்தம் கேட்டது. நானும் அழுதேன். பாய் இறந்த அன்று வராத அழுகை அன்றுதான் வந்தது.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, மேடம் சொல்லுவாங்க என்று அவர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை ஒன்றுதான். நான் அதற்குத் தகுதியாக நடந்துகொள்ளவில்லை. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் வாங்கிக்கொள்ள அவர் இல்லை. வைத்துக்கொள்கிறேன்.